லூமிரின் ஓடைக்கரை வயல்

எங்கள் மாவட்டப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில், இறுதிச் சடங்கு அறிவிப்புகளுக்கும் பழைய டிராக்டர் விற்பனை விளம்பரங்களுக்கும் நடுவே, ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷம் வாரம் தவறாமல் ஊரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். பெயர் லூமிர் ஹவேல்கா. என் வீட்டிலிருந்து சாலையைத் தாண்டினால் அவர் வீடு. அவரைப் பற்றி எழுத இந்த மாவட்டத்திலேயே தகுதி குறைந்த ஆள் நான்தான். ஆனாலும் அவரை என் அளவுக்குத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

நாங்கள் எல்லோரும் தானாக ஓடும் டிராக்டர் வாங்கிய வருஷத்தில் அவர் துணி துவைக்கும் இயந்திரத்தைப் புகழ்ந்து எழுதினார். மனிதன் செய்த இயந்திரங்களிலேயே அதுதான் யோக்கியமானதாம். அவர் மனைவி ஆல்பினாவுக்கு வாரத்தில் ஒரு நாளை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு எதையும் அது கேட்கவில்லையாம். டிராக்டரோ ஒவ்வொரு முறை பெரிதாகும்போதும் பக்கத்து வீட்டுக்காரனின் நிலத்தைக் கேட்டதாம். உலகத்துக்கே சோறு போடுகிறோம் என்று கூட்டுறவுச் சங்கத்துச் சுவரில் நாங்கள் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். நம் மக்காச்சோளத்தில் பாதியை எரிபொருளாக்கிக் கார் குடிக்கிறது, மீதியை மாடு தின்கிறது, சாப்பிட்டேன் என்று உலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை என்று எழுதினார். அந்த மாதம் காபிக் கடையில் அவர் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர் பாட்டுக்கு மேஜை முழுக்கப் பத்திரிகையை விரித்துப் படித்துவிட்டுப் போனார்.

பணக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. நாலாயிரம் ஏக்கர் வைத்திருப்பவன்தான் பரம ஏழை, ஒரு ஸ்பேனர் இரவல் வாங்கக்கூட அவனுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது என்றார். அது என் அக்கா மகன் ராஜர் கோசாரெக்கைச் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். அப்பன் விட்டுப் போன நிலத்துக்கு இன்னும் கூடுதலாக வரி போட வேண்டும் என்றும் எழுதினார். அவருடைய முந்நூற்று இருபது ஏக்கரும் அப்பன் விட்டுப் போனதுதான். அதையும் அதே கட்டுரையில் அவரே சொல்லிவிட்டதால் யாராலும் மடக்க முடியவில்லை.

அரசாங்கத்தை அவர் திட்டியிருந்தால் நாங்கள் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம். அவரோ எங்களைத் திட்டினார். காலையில் காபிக் கடையில் அரசாங்கத்தை ஒழிக்க வேண்டும் என்கிறவர்கள் மத்தியானம் அதே அரசாங்கத்தின் அலுவலகத்தில் மானிய விண்ணப்பத்தோடு நிற்கிறார்கள், ஒன்று வாயை மூடுங்கள், இல்லாவிட்டால் வரிசையை விட்டு வெளியே வாருங்கள் என்றார். அவர் அந்த அலுவலகத்தின் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. அதைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கு நிலம் போக விதை வியாபாரமும் உண்டு. கம்பெனி விதை, முத்திரை போட்ட மூட்டை. வாங்குகிறவர்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: விளைந்ததிலிருந்து ஒரு மணியைக்கூட அடுத்த வருஷ விதைக்கு எடுத்து வைக்க மாட்டேன் என்று. எங்கள் வட்டாரத்தில் என் விதை விளையாத சோள வயல்கள் லூமிருடையவை மட்டும்தான். அவர் கல்யாணம் முடிந்த வருஷம் மாமனாரிடம் அரை மூட்டை விதை வாங்கினார். அதிலிருந்து நாற்பத்து மூன்று வருஷமாகத் தானே பொறுக்கி எடுத்த விதையைத்தான் விதைத்தார்.

பொறுக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அக்டோபரில், அறுவடைக்கு முன்னால், தோளில் ஒரு சாக்கை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். காற்றில் சாயாத தண்டு, மழைநீர் உள்ளே இறங்காதபடி தலைகீழாகத் தொங்கும் கதிர், இவற்றை மட்டும் கையால் முறிப்பார். அறுநூறு கதிர். மற்ற வயல்களில் காற்று என் விதையின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும் என்பதால், மரங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் இருபத்தாறு ஏக்கர் ஓடைக்கரை வயலில்தான் இந்தப் பொறுக்கல் நடக்கும். எங்களுக்கு ஏக்கருக்கு விளைவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் அவருக்கு விளையும். நாங்கள் சிரிப்போம். ஆனால் செலவு போக அவர் கையில் நிற்பதும் எங்கள் கையில் நிற்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம்.

நான் சொல்ல வந்த கதை நடந்த வருஷம், வசந்த காலத்தில் என்னைப் பற்றி எழுதினார். பெயர் போடவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார், அப்பன்கள் அக்டோபரில் செய்த காரியத்தை இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஊர்க்காரர்களிடம் எழுதி வாங்குகிறார், எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு தொப்பி இலவசம் என்று. அவ்வளவுதான். அன்றிலிருந்து காபிக் கடையில் எனக்கு ‘தொப்பி டுவேன்’ என்று பெயர் வந்துவிட்டது. என் மனைவி கார்லீன்கூட ஒருநாள் வாய் தவறிச் சிரித்தாள். நேரில் பார்த்தபோது லூமிர், தொழிலைச் சொன்னேனே தவிர உன்னைச் சொல்லவில்லை என்றார். நானும் பரவாயில்லை என்றேன். உள்ளே அது புகைந்துகொண்டேதான் இருந்தது.

அக்டோபர் முதல் வாரம் அவருக்கு நெஞ்சு அடைத்தது. லிங்கன் நகரத்து மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் சோளம் முற்றத் தாமதமாகியிருந்ததால் அவர் இன்னும் ஒரு கதிர்கூடப் பொறுக்கவில்லை. அதைவிட மோசம், முந்தின வருஷம் ஓடைக்கரை வயலை ஆலங்கட்டி மழை தரைமட்டமாக்கியிருந்தது. ஆபத்துக்கென்று மாடியில் தொங்கவிட்டிருந்த பழைய கதிரை எல்லாம் உதிர்த்து இந்த வருஷம் விதைத்துவிட்டார். வயலில் நின்றதுதான் மொத்தமும்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் நான் பார்க்கப் போனேன். ஆல்பினா காபி வாங்கப் போயிருந்தார். லூமிர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் கையையும் பிடிக்கிற ஆள் இல்லை.

“டுவேன், ஓடைக்கரை வயல மட்டும் யாரும் தொடக் கூடாது. கதிர் பொறுக்கினதுக்கு அப்புறம் அது எப்படிப் போனாலும் சரி.”

“நீங்க வர்ற வரைக்கும் அது அப்படியே நிக்கும். நான் பாத்துக்கறேன்.”

“எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா நீயும் ஆல்பினாவுமா பொறுக்குங்க. எது எடுக்கணும்னு அவளுக்குத் தெரியும்.”

“சரி.”

“சொன்னா சொன்னதுதானே?”

“சொன்னா சொன்னதுதான்.”

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடை நேரத்தில் ஒருவன் படுத்துவிட்டால் அவன் கேட்க வேண்டியதில்லை. ஊரே தன் வேலையை ஒருநாள் நிறுத்திவிட்டு, இயந்திரங்களோடு வந்து அவன் பயிரை எடுத்துக் கிடங்கில் சேர்த்துவிட்டுப் போகும். லூமிருக்குச் செய்ய வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். நல்ல மனதோடுதான் சொன்னேன் என்று இப்போதும் நம்புகிறேன். அவரிடம் அடி வாங்காத ஆளே இல்லை, ஆனாலும் ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. நாலாயிரம் ஏக்கர் ஏழை ராஜர் தன்னுடைய இரண்டு அறுவடை இயந்திரங்களையும் அனுப்புவதாகச் சொன்னான்.

இயந்திரங்கள் வழி தெரிந்து ஓட, அவற்றுக்கு வயலின் எல்லையை வரைபடமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக் கணினியில் லூமிரின் ஐந்து வயல்களையும் நான் வரைந்தேன். ஓடைக்கரை வயலையும் சேர்த்தே வரைந்தேன். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் எடுக்கவில்லை. வேலையோடு வேலையாக மறந்துவிட்டது என்று பிறகு பலரிடம் சொன்னேன். மறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பதினோரு இயந்திரங்கள் வந்தன. தேவாலயத்துப் பெண்கள் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பத்திரிகையிலிருந்து ஒரு பெண் படம் பிடிக்க வந்திருந்தாள். லூமிரும் ஆல்பினாவும் லிங்கனில் இருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு நான்கு வயல்கள் முடிந்துவிட்டன. வானம் சுத்தமாக இருந்தது, எல்லோருக்கும் குஷி. வயல் ஓரத்தில் ஏழெட்டுப் பேர் நின்று, கிழவர் இதைப் பற்றி என்ன எழுதுவார் என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம். பத்திரிகைப் பெண் என்னிடம், அவர் இந்த இயந்திரங்களுக்கு எதிரானவர்தானே என்று கேட்டாள். யாரோ பின்னாலிருந்து, தொப்பியிடம் கேளுங்கள், அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கியில் ராஜரின் குரல் வந்தது.

“மாமா, ஓடைக்கரை வாசல்ல நிக்கறேன். மேப்ல இதுவும் இருக்கு. இது கிழவரோட விதை வயலாச்சே, இதையும் எடுக்கணுமா?”

அவனே கேட்டான். இதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் சிரிப்பு ஓயவில்லை.

“எல்லாத்தையும் எடு. ஒண்ணும் விடாத,” என்றேன்.

இயந்திரம் அங்கே வருவதற்குள் ஓரத்தில் ஒரு பத்து வரிசையில் நானே போய்க் கதிர் பொறுக்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் சாப்பிட்டேன். இரண்டு ரொட்டி கூடுதலாகவே சாப்பிட்டேன். திரும்பிப் போனபோது வயல் முடிந்து, லாரி கிளம்பி, பின்னாலேயே சட்டிக் கலப்பை ஓட்டி மண்ணைப் புரட்டிவிட்டிருந்தார்கள். லூமிருக்கு அந்த வேலையும் மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணம். நாற்பத்து மூன்று வருஷம் டவுன் கிடங்கில் லட்சம் மூட்டை மஞ்சள் சோளத்தோடு கொட்டப்பட்டது. எது அவருடையது என்று இனிமேல் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

பதினொரு நாள் கழித்து அவரைக் கூட்டி வந்தார்கள். கார் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஓடைக்கரைப் பக்கம் போனது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு இந்தப் பக்கம் காரின் பின்பாகம் மட்டும் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் அது அங்கேயே நின்றது. கார்லீன் போய்ப் பாருங்களேன் என்றாள். நான் குழாய் ரிப்பேர் இருக்கிறது என்று கீழ் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். எந்தக் குழாயும் ஒழுகவில்லை.

மூன்றாம் நாள் போனேன். நெஞ்சுக்குக் குறுக்கே தலையணையை அணைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். ஆளே பாதியாகிவிட்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஓடைக்கரை வயல் எப்படிப் போச்சு, டுவேன்?”

“மிஷின்ல மேப் இருந்துச்சு லூமிர். அது பாட்டுக்குப் போயிடுச்சு. யாரும் கவனிக்கல. எனக்கே அப்புறம்தான் தெரியும்.”

இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டேன். இருபத்திரண்டு வருஷம் அவர் கத்தியதற்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆல்பினா தண்ணீரை நிறுத்தினார், பிறகு மறுபடி திறந்தார். லூமிர், “சரி. அத்தனை பேரும் வந்தாங்களே,” என்றார்.

அடுத்த வாரம் அவர் கட்டுரை வந்தது. இயந்திரம் வந்தால் அக்கம்பக்கம் அழிந்துவிடும் என்று பல வருஷமாக எழுதி வந்தேன், அது தவறு, பதினோரு இயந்திரங்களில் பதினோரு பேர் வந்தார்கள், நான் கேட்காமலே வந்தார்கள் என்று எழுதியிருந்தார். ஓடைக்கரை வயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊரே அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதை வாசித்தார். என் பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என் தோளைத் தட்டினார்கள். இரண்டு பெஞ்சுக்கு முன்னால் லூமிரின் பிடரி எனக்குத் தெரிந்தது. எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்ததா? ஜனவரியில் விவசாயிகள் சங்கத்தின் வருஷாந்திர விருந்தில், அந்த வருஷத்தின் சிறந்த அண்டை வீட்டார் என்று எனக்கு ஒரு மரப்பலகை கொடுத்தார்கள். பித்தளைத் தகட்டில் என் பெயர் பொறித்தது. முன்னதாகவே சொல்லியிருந்தார்கள், வேண்டாம் என்று சொல்ல நான்கு நாள் இருந்தது. நான் புதுச் சட்டை வாங்கினேன். மேடை ஏறி, இதெல்லாம் யாரும் செய்வதுதான் என்று அடக்கமாக இரண்டு வார்த்தை பேசினேன். முந்நூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். மூன்றாவது மேஜையில், நெஞ்சுக் காயம் இன்னும் ஆறாத லூமிரும் நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்தில் ஆல்பினா உட்கார்ந்தே இருந்தார். மடியில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் பனி உருகிச் சாலை சேறான ஒரு காலை வேளை, என் விதைக் கொட்டகை வாசலில் அவருடைய பிக்கப் வண்டி வந்து நின்றது. அந்தக் கொட்டகை இருபத்து மூன்று வருஷமாக எதிரிலேயே இருந்தும் அதற்குள் அவர் வந்ததில்லை. உள்ளே வந்து, அடுக்கியிருந்த மூட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். எத்தனை வேண்டும் என்று சொன்னார், கணக்கில் கெட்டிக்காரர். வேறு யாராவது இன்னும் பழைய விதை வைத்திருப்பார்களே, விசாரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

இருக்கிறார்களாம், வேறு மாநிலத்தில். ஆனால் அவர்களுடைய விதை இந்த மண்ணையும் இந்தக் காற்றையும் படித்துக்கொள்ள இன்னும் முப்பது வருஷம் ஆகும், தன்னிடம் முப்பது வருஷம் இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது மாதிரிச் சொன்னார்.

ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தேன். பேனாவை எடுத்துக் கொடுக்கக் கை போகவில்லை. ஐந்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

“லூமிர், மேப் இல்ல. ராஜர் கேட்டான். நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டார்.

“தெரியும். ராஜர் நவம்பர்லயே வந்து சொல்லிட்டான். ஆல்பினாகிட்ட அழுதுட்டுப் போனான், பாவம்.”

நவம்பரில். அப்படியென்றால் விருந்து அன்றைக்கு அவருக்குத் தெரியும். பிறகு நான் கேட்டது மன்னிப்புக்கூட இல்லை. அதைக் கேட்கிற யோக்கியதை இல்லை என்றாவது தெரிந்திருந்தது.

“அப்புறம் ஏன் எந்திரிச்சு நின்னு கை தட்டுனீங்க?”

“அங்க உன்னத் தவிர பத்துப் பேர் இருந்தாங்க, டுவேன். தன் பயிர வயல்ல விட்டுட்டு என் பயிர எடுக்க வந்தவங்க. அன்னிக்கு நான் உக்காந்திருந்தா ஏன்னு கேப்பாங்க. சொல்ல வேண்டி வரும். அப்புறம் இந்த ஊர்ல எவனாச்சும் படுத்தா, போறதுக்கு முன்னாடி எல்லாரும் ரெண்டு தடவ யோசிப்பாங்க.”

எங்களை இருபத்திரண்டு வருஷம் ஒரு வாரம் விடாமல் திட்டிய மனிதர் இவர். ஊரைக் கெடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டது இவர்தான்.

அவரே பேனாவை எடுத்தார். ஒப்பந்தத்தின் நான்கு பக்கங்களையும் படித்தார். என்னிடம் வாங்குகிறவர்கள் யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தார்.

“இதுல போட்டா, இனிமே விதை எடுத்து வைக்க மாட்டேன்னு உங்கிட்ட நான் சொன்ன மாதிரி. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“நான் சொன்னா செய்வேன்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மருத்துவர் அவரைக் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் மூட்டைகளை நான்தான் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினேன். அவர் பின்கதவைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி மூட்டை ஏறியதும் நன்றி என்றார். எப்போதும் போல, பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.